ஸ்டீராய்டு மாத்திரையும் வயிற்று அமிலமும்: இரைப்பையைக் காத்துக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

ஸ்டீராய்டு எழுதப்படும் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றும் கூடவே இருக்கும். எதற்கு என்று கேட்டால், “ஸ்டீராய்டு வயிற்றில் ஆசிடைக் கூட்டும், அல்சர் வரும், அதற்குத்தான்” என்று ஒரே வரியில் பதில் வரும். அந்தப் பதிலில் பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாததால் நோயாளிகள் மூன்று விதமாகச் சிக்கிக்கொள்கிறார்கள். அமில மாத்திரைதான் இருக்கிறதே என்ற தைரியத்தில் வலி மாத்திரையையும் சேர்த்துப் போடுகிறார்கள். வயிறு எரிகிறது என்று ஸ்டீராய்டைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். இல்லையென்றால், ஸ்டீராய்டு முடிந்து பல மாதங்கள் ஆன பிறகும் அமில மாத்திரையை விடாமல் தொடர்கிறார்கள். இதில் இரண்டாவதாகச் சொன்னது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இந்த மூன்றையும் தவிர்க்க என்னென்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரோடு சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவுகள். அவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க இது உதவும்.

முதல் படி: எந்த ஸ்டீராய்டு, எந்த வடிவம், எத்தனை நாள்

இங்கே ஸ்டீராய்டு என்பது அழற்சியையும் ஒவ்வாமையையும் அடக்கத் தரப்படும் கார்டிகோஸ்டீராய்டு. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்கப் பயன்படுத்துவது வேறு வகை. அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் இல்லை. பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், ஹைட்ரோகார்டிசோன், டெஃப்லாசகார்ட், பீட்டாமெத்தசோன் ஆகியவை அடிக்கடி தரப்படுபவை.

மாத்திரையில் போட்டிருக்கும் மில்லிகிராம் எண்ணை மட்டும் வைத்து வீரியத்தை எடைபோடாதீர்கள். 5 மி.கி. பிரெட்னிசோலோன், 4 மி.கி. மெத்தில்பிரெட்னிசோலோன், 20 மி.கி. ஹைட்ரோகார்டிசோன், 0.75 மி.கி. டெக்சாமெத்தசோன் ஆகிய நான்கும் ஏறக்குறைய ஒரே பலம் கொண்டவை. 4 மி.கி. டெக்சாமெத்தசோன் ‘சின்ன மாத்திரைதானே’ என்று தோன்றும். கணக்குப் போட்டால் அது 25 மி.கி.க்கும் அதிகமான பிரெட்னிசோலோனுக்குச் சமம்.

வடிவமும் முக்கியம். தோலில் தடவும் களிம்பு, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, கண் சொட்டு மருந்து, ஆஸ்துமா இன்ஹேலர் ஆகியவற்றை வழக்கமான அளவில் பயன்படுத்தினால் இரைப்பைக்குக் கவலை இல்லை. வாய் வழியாகவோ நரம்பு ஊசியாகவோ எடுக்கும் ஸ்டீராய்டைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். ஊசியாகப் போட்டால் வயிற்றைத் தொடாதே என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டீராய்டு இரைப்பையைப் பாதிப்பது ரத்தத்தின் வழியாகத்தான். மாத்திரை வயிற்றுக்குள் உராய்வதால் புண் வருவதில்லை. அதனால் ஊசியும் விதிவிலக்கு இல்லை.

இரண்டாம் படி: அமிலத்துக்கு உண்மையில் என்ன ஆகிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இரைப்பையின் உட்சுவரில் இருக்கும் பெரைட்டல் செல்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அவற்றை முடுக்கிவிடுபவை மூன்று: கேஸ்ட்ரின் என்ற ஹார்மோன், ஹிஸ்டமின், நரம்பு வழியாக வரும் அசிட்டைல்கோலின். அடக்கிவைப்பவற்றில் முக்கியமானவை சொமாட்டோஸ்டாட்டினும் புரோஸ்டகிளாண்டினும். எந்தத் தூண்டுதல் வந்தாலும் கடைசியில் வேலை நடப்பது புரோட்டான் பம்ப் என்ற ஒரே இடத்தில். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ரபிப்ரசோல் போன்றவை அந்தப் பம்பையே நிறுத்துகின்றன. ஃபமோட்டிடின் ஹிஸ்டமினின் வழியை மட்டும் அடைக்கிறது.

அமிலம் இத்தனை கடுமையாக இருந்தும் இரைப்பை தன்னைத்தானே அரித்துக்கொள்ளாமல் இருக்கக் காரணம் அதன் தற்காப்பு. சளிப்படலம், அதற்குள் கலந்திருக்கும் பைகார்பனேட், நல்ல ரத்த ஓட்டம், சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் மேல்செல்கள் எல்லாம் சேர்ந்து சுவரைக் காக்கின்றன. இந்தத் தற்காப்பை நடத்துவது பெரும்பாலும் புரோஸ்டகிளாண்டின்தான்.

இதில் ஸ்டீராய்டு எங்கே கை வைக்கிறது? கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனை முடக்குவாதத்துக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்தது 1948இல். அடுத்த சில ஆண்டுகளிலேயே, இந்த ஹார்மோன்கள் அமிலத்தையும் பெப்சின் என்ற செரிமான நொதியையும் கூட்டுகின்றன என்று ஆய்வுகள் வந்தன. ‘ஸ்டீராய்டு என்றால் ஆசிட்’ என்ற எண்ணம் பரவியது அந்தக் காலத்தில்தான். அதன்பின் மனிதர்களிடம் அளந்து பார்த்தவர்களுக்கு ஒரே மாதிரியான முடிவு கிடைக்கவில்லை. அதிக அளவில் நெடுநாள் எடுத்தவர்களில் சிலருக்கு அமிலம் கூடியது. குறுகிய காலம் எடுத்தவர்கள் பலரிடம் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. இன்னொரு பக்கம், அட்ரினல் சுரப்பியை அகற்றிய விலங்குகளில் அமிலச் சுரப்பு குறைகிறது, ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்தால் மீள்கிறது. அதாவது, பெரைட்டல் செல் ஒழுங்காக வேலை செய்ய, அட்ரினல் சுரப்பி தரும் இயற்கையான ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசால் கொஞ்சம் வேண்டும். அதற்காக, கார்டிசால் ஏற ஏற அமிலமும் அதே கணக்கில் ஏறும் என்று சொல்ல முடியாது.

ஸ்டீராய்டின் தெளிவான பாதிப்பு தற்காப்பின் பக்கம்தான் தெரிகிறது. புண் ஆறுவதற்குத் தேவையான புது ரத்தக் குழாய்கள் உருவாவதை அது தாமதப்படுத்துகிறது. நார்த்திசு வளர்ச்சியையும் குறைக்கிறது. ஏற்கெனவே ஒரு சிறு புண் இருந்தால் அது ஆறாமல் நின்றுவிடலாம். கூடவே, வலியையும் காய்ச்சலையும் வீக்கத்தையும் அடக்கிவிடுவதால் அந்தப் புண் இருப்பதே தெரியாமல் போகலாம். என்னைக் கேட்டால், அமிலம் கூடுவதைவிட இந்த மறைப்புதான் அதிகம் அஞ்ச வேண்டிய விஷயம்.

அப்படியானால் ஸ்டீராய்டு மட்டும் எடுப்பவர்கள் எல்லோருக்கும் அல்சர் வருவதில்லையே, ஏன்? இரைப்பையின் அன்றாடக் காவலுக்கான புரோஸ்டகிளாண்டினைத் தயாரிப்பது காக்ஸ்-1 என்ற நொதி. ஸ்டீராய்டு முக்கியமாக அடக்குவது அழற்சியின்போது தலைதூக்கும் காக்ஸ்-2ஐ. காக்ஸ்-1 கிட்டத்தட்டத் தன் போக்கில் இயங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காவலையும் முடக்கும் ஒரு மருந்து கூடச் சேரும்போதுதான் கதை மாறுகிறது.

மூன்றாம் படி: கூடவே என்ன மாத்திரை போடுகிறீர்கள்

எனக்கு ஒரே ஒரு படிதான் எழுத இடம் கொடுத்தால் இதைத்தான் எழுதுவேன்.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நேப்ராக்சன், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் ஆஸ்பிரினும் காக்ஸ்-1ஐ அடக்குபவை. இவை சுவரின் காவலைக் குறைக்கின்றன. ஸ்டீராய்டு ஆறும் வேகத்தைக் குறைக்கிறது. 1991இல் வெளியான ஓர் ஆய்வு 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் மருந்துப் பதிவுகளையும் அல்சருக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டது. வலி மாத்திரை இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களுக்கு ஆபத்து 1.1 மடங்கு. கூடவில்லை என்றே சொல்லலாம். இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்கோ, இரண்டும் எடுக்காதவர்களைவிட ஏறக்குறைய 15 மடங்கு.

2014இல் 159 ஆய்வுகளையும் 33,253 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ரத்தக்கசிவோ துளையோ ஏற்பட்டவர்கள் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 2.9 சதவீதம், எடுக்காதவர்களில் 2.0 சதவீதம். இந்த வேறுபாடு மருத்துவமனையில் படுத்திருந்தவர்களிடம்தான் உறுதியாகத் தெரிந்தது. வீட்டிலிருந்தபடி மருந்து எடுத்தவர்களிடம் இப்படி ஏதாவது நேர்ந்தது மிக அரிது. அவர்களிடம் ஸ்டீராய்டால் ஆபத்து கூடியது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடும் நோயில் படுத்திருக்கும் உடலின் இரைப்பை ஏற்கெனவே பலவீனமாக இருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

அதனால் ஒரு தாளை எடுத்து, இப்போது எடுக்கும் எல்லா மருந்தையும் எழுதுங்கள். சீட்டில் இருப்பவை மட்டும் போதாது. தலைவலி, மாதவிடாய் வலி, மூட்டுவலி, ஜலதோஷம் என்று கடையில் நேரடியாக வாங்குபவற்றையும் எழுத வேண்டும். ஜலதோஷ மாத்திரைகள் சிலவற்றில் ஐபுப்ரோஃபென் கலந்திருக்கும்; அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டோ வலி மருந்தோ ரகசியமாகக் கலந்திருக்க வாய்ப்புண்டு. அவற்றை அறவே தவிர்த்துவிடுங்கள்.

ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் வகை மருந்துகள், ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல், மன அழுத்தத்துக்குத் தரப்படும் செர்ட்ரலின், ஃபுளுவாக்சடின் போன்றவையும் பட்டியலில் தனியாகக் குறிக்க வேண்டியவை. இவை புண்ணை உண்டாக்குவதைவிட, இருக்கும் புண்ணிலிருந்து ரத்தம் கசிவதை எளிதாக்குகின்றன.

சரி, வலிக்கு என்னதான் செய்வது? சரியான அளவில் எடுத்தால் இரைப்பைக்குப் பாதுகாப்பான தேர்வு பாராசிட்டமால். கல்லீரல் நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்தக் கூடாது. அது நின்றால் மாரடைப்பு ஆபத்து வரும். அவர்களுக்குச் சரியான வழி, அமில மாத்திரையைச் சேர்த்துக்கொள்வது.

நான்காம் படி: அமில மாத்திரை உங்களுக்குத் தேவையா

ஸ்டீராய்டு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் தேவை இல்லை. முன்பு அல்சரோ வயிற்றில் ரத்தக்கசிவோ வந்திருந்தால் தேவை. ஆஸ்பிரினையோ வலி மாத்திரையையோ தவிர்க்க முடியாத நிலை என்றால் தேவை. ரத்தம் இளக்கும் மருந்து, 65க்கு மேல் வயது, அதிக அளவு ஸ்டீராய்டு ஆகியவை ஒன்றுக்கு மேல் சேர்ந்திருந்தாலும் மருத்துவர் பெரும்பாலும் கொடுப்பார். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசத்தில் இருப்பவர்களின் கணக்கு தனி. இவை எதுவும் இல்லாத ஓர் இளவயதுக்காரர், ஒவ்வாமைக்காக 5 நாள் பிரெட்னிசோலோன் எடுக்கிறார் என்றால், கட்டாயம் அமில மாத்திரை வேண்டும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

நெடுநாள் ஸ்டீராய்டு தொடங்கப்போகிறவருக்கு முன்பு அல்சர் இருந்திருந்தால், ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. 1980களின் தொடக்கத்தில் வாரனும் மார்ஷலும் கண்டறிந்த இந்தக் கிருமிதான், வலி மாத்திரைகளோடு சேர்ந்து, பெரும்பாலான அல்சருக்குக் காரணம். மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும். ஆனால் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே பான்டோப்ரசோல் வகை மாத்திரைகளையும், 4 வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அமில மாத்திரையைத் தொடங்கும் முன்பே சோதித்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அமில மாத்திரையை எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நெடுநாள் எடுத்தால் வைட்டமின் பி12, மெக்னீசியம் குறையலாம். குடல் தொற்றுகளும் எலும்பு முறிவும் சற்று அதிகமாகக் காணப்படுகின்றன. ஸ்டீராய்டே எலும்பைத் தேய்க்கும், அதுவும் முதல் சில மாதங்களில்தான் அதிகம் தேய்க்கும். எலும்புக்காக கால்சியம் கார்பனேட் எடுப்பவர்கள் கவனிக்க: அது உறிஞ்சப்பட அமிலம் வேண்டும். அமில மாத்திரையும் எடுப்பதாக இருந்தால் கால்சியம் சிட்ரேட்டுக்கு மாறலாமா என்று கேளுங்கள். நோய் எதிர்ப்பை அடக்கும் மைக்கோஃபினோலேட் மோஃபெட்டில் என்ற மருந்தை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பான்டோப்ரசோல் வகை மாத்திரைகள் அது உடலில் சேரும் அளவைக் குறைக்கும். குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் ஒமிப்ரசோலையும் எசோமிப்ரசோலையும் தவிர்ப்பது வழக்கம்.

ஐந்தாம் படி: எப்போது, எப்படிச் சாப்பிடுவது

ஒரு நாளைக்கு ஒரு வேளை ஸ்டீராய்டு என்றால் காலையில், சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன். உடலின் சொந்தக் கார்டிசால் விடிகாலையை ஒட்டித்தான் உச்சத்துக்கு வரும். அந்த நேரத்தோடு ஒத்துப்போனால் இரவுத் தூக்கம் அவ்வளவாகக் கெடாது. அட்ரினல் சுரப்பியும் குறைவாகவே அடங்கும். சாப்பாட்டோடு எடுப்பதால் குமட்டலும் எரிச்சலும் குறையும்.

பான்டோப்ரசோல் வகை என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. உணவு வந்து பம்புகள் வேலையைத் தொடங்கும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருந்தால்தான் அவற்றைப் பிடிக்க முடியும். எரியும்போது மட்டும் ஒன்று போட்டுக்கொண்டால் முழுப் பலன் கிடைக்காது.

குடலில் கரையும்படி மேல்பூச்சு கொடுத்த பிரெட்னிசோலோனை உடைக்கவோ மெல்லவோ கூடாது. ஆன்டாசிட் சிரப்பையும் அதையும் சேர்த்துக் குடிக்கவும் கூடாது. அமிலம் தணிந்தால் பூச்சு வயிற்றிலேயே கரைந்துவிடும். குறைந்தது 2 மணி நேர இடைவெளி விடுங்கள். பூச்சுள்ள மாத்திரை என்பதால் அல்சர் வராது என்று நம்பிவிடவும் வேண்டாம். முதல் படியில் சொன்ன அதே காரணம்தான்.

ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும். இரவில் நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வரும். பழி ஸ்டீராய்டின் மேல் விழும். படுப்பதற்கு 2, 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துப் பாருங்கள். பலருக்கு மாத்திரை இல்லாமலேயே சரியாகிவிடும். புகையும் மதுவும் புண் ஆறுவதைத் தடுக்கும், அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

ஆறாம் படி: வயிற்றில் ஏதாவது செய்தால் எதுவென்று பிரித்துப் பார்ப்பது

எல்லாவற்றையும் ‘அசிடிட்டி’ என்று ஒரே பெயரில் அடக்கிவிடுவதால்தான் தவறுகள் நடக்கின்றன.

சாப்பிட்ட பின் நெஞ்சில் எரிந்து, புளித்த நீர் மேலே வந்தால் அது அமிலம் ஏறுவது. உயிருக்கு ஆபத்து இல்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சொல்லலாம்.

விழுங்கும்போது தொண்டையிலோ நெஞ்சின் நடுவிலோ வலித்து, நாக்கில் வெள்ளைப் படலமும் இருந்தால் உணவுக்குழாயில் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பைக் குறைப்பதால் வருவது இது. எத்தனை அமில மாத்திரை போட்டாலும் போகாது; பூஞ்சைக்கான மருந்துதான் வேண்டும். இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாயிலும் தொண்டையிலும் பூஞ்சை வருவதைப் பெருமளவு தடுக்கலாம்.

குமட்டல், வாந்தி, வயிற்றுவலியோடு கடும் சோர்வு, எழுந்தால் தலைசுற்றல், தாழ்ந்த ரத்த அழுத்தம் ஆகியவை சேர்ந்து வந்தால், அதுவும் அண்மையில் ஸ்டீராய்டைக் குறைத்தோ நிறுத்தியோ இருந்தால், கோளாறு வயிற்றில் இல்லாமலும் இருக்கலாம். மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்த உடலில் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கலாம். திடீரென்று மருந்து நின்றால் உடலில் கார்டிசால் போதாமல் போய், அது வயிற்றுக் கோளாறாகவே முகம் காட்டும். ‘வயிறு கெட்டுப்போச்சு, ஸ்டீராய்டை இரண்டு நாள் விட்டுப் பார்ப்போம்’ என்ற முடிவு இந்த இடத்தில் ஆளையே சாய்த்துவிடும். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் ஸ்டீராய்டை ஊசியாகப் போட வேண்டியிருக்கும்; உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தொடர்ந்து ஸ்டீராய்டு எடுக்கிறார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கறுத்து, தார் போல ஒட்டும் மலம், ரத்த வாந்தி, காபித்தூள் நிறத்தில் வாந்தி, காரணமில்லாத மயக்கமும் வெளிறலும் வந்தால் ரத்தக்கசிவு என்றே எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் பொதுவாகத் தார் போன்ற ஒட்டலும் கடும் நாற்றமும் இருக்காது. சந்தேகம் இருந்தால் காட்டிவிடுங்கள்.

இரைப்பையில் துளை விழுந்தால் சாதாரணமாக வயிறு பலகையாக இறுகி, தாங்க முடியாத வலி வரும். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு அந்த வலி மங்கலாக இருக்கலாம், காய்ச்சலே வராமல் இருக்கலாம். வலி லேசாகத்தான் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். புதிதாக வந்து விடாமல் தொடரும் வலி, வயிறு உப்பல், இதயப் படபடப்பு இருந்தாலே பரிசோதிக்க வேண்டும். வீட்டில் முதியவர் ஸ்டீராய்டு எடுக்கிறார், ‘என்னவோ போல இருக்கு’ என்று சாப்பிட மறுக்கிறார் என்றால் அந்தச் சொல்லையே அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: நிறுத்தும் வரிசை

ஸ்டீராய்டை எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் எழுதித்தருவார். சில நாள் மட்டும் எடுத்தவர்கள் பொதுவாக நேரடியாக நிறுத்தலாம். வாரக்கணக்கில் எடுத்தவர்களுக்குப் படிப்படியாகத்தான். அந்தக் காலம் முழுவதும் மூன்றாம் படியின் பட்டியல் அப்படியே பொருந்தும். ஸ்டீராய்டு குறையக் குறைய மூட்டுவலி திரும்பும், கை வலி மாத்திரையைத் தேடும். இரண்டும் ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போக அதிக வாய்ப்புள்ள கட்டம் இதுதான்.

ஸ்டீராய்டுக்காக மட்டும் தொடங்கிய அமில மாத்திரை என்றால், ஸ்டீராய்டு முடிந்ததும் அதையும் நிறுத்தலாமா என்று நீங்களே கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அது சீட்டிலேயே தங்கிவிடும். ஆஸ்பிரினோ ரத்தம் இளக்கும் மருந்தோ தொடர்ந்தால் பதில் ‘வேண்டாம், தொடருங்கள்’ என்று இருக்கலாம். நிறுத்தச் சொன்னால் ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள். சில வாரங்கள் அடக்கப்பட்டிருந்த அமிலம், மாத்திரையை விட்டதும் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். கேஸ்ட்ரின் அளவு கூடியிருப்பதுதான் காரணம். எந்த நோயும் இல்லாதவர்களுக்குக்கூட 8 வாரம் எடுத்து நிறுத்தியபின் நெஞ்செரிச்சல் வந்ததாக ஆய்வில் தெரிந்திருக்கிறது. அல்சர் வந்துவிட்டது என்று பயந்து மறுபடி மாத்திரைக்குத் திரும்புபவர்கள் பலர். அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து, இடையில் எரிந்தால் ஆன்டாசிட் சிரப் குடித்துச் சமாளிக்கலாம். சில வாரங்களில் தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் எரிச்சல் அப்படியே இருந்தாலோ, எடை குறைந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ எண்டாஸ்கோபி தேவையா என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.